செவ்வாய்க்கிழமைத் தடம்

ஆஸ்லாக் பிரென்னாவுக்கு நாற்பத்தேழு வயது. தொழில் பல் வைத்தியம். நவம்பர் பிறந்துவிட்டால் அவரிடம் பல்லைக் காட்டப் போகிறவர்கள் அவருடைய பனிச்சறுக்குப் பராக்கிரமங்களையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். வாய் மரத்துக் கிடக்கிற நேரம் பார்த்துத்தான் டாக்டர் ஆரம்பிப்பார். மறுபேச்சு வராது.

ஸ்னோருட் பனிச்சறுக்குச் சங்கத்தின் பெரியவர்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மொத்தம் பதினொரு பேர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், எல்லோரும் மார்ச் மாதத்து ஐம்பத்துநாலு கிலோமீட்டர் பந்தயத்துக்காக உயிரை விடுகிறவர்கள். போன வருடம் ஆஸ்லாக் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறாவதாக வந்தார். இந்த வருடம் ஆயிரத்து எண்ணூறுக்குள் வந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, மாட்டுக்கறியைக்கூட எடைபோட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

பயிற்சிக்கு ஊரில் இருப்பது ஒரே ஒரு தடம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தேவதாரு மரங்களுக்கு நடுவே விளக்குக் கம்பங்கள் போட்ட ஐந்து கிலோமீட்டர் வட்டம். காலையில் பாலர் பள்ளிக் குழந்தைகள், மத்தியானம் ஓய்வு பெற்றவர்கள், மாலையில் மீதி ஊர் என்று எல்லோருக்கும் அதுதான். பெரியவர்கள் பிரிவு அதில் மூன்று பேர் அகலத்துக்கு வரும். முன்னால் யாராவது மெதுவாகப் போனால், இருபது அடி பின்னாலிருந்தே "தடம்" என்று ஒரு அதட்டல். ஒதுங்க வேண்டியது அவர்கள் பாடு. ஸ்கீ என்ற நீளச் சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்க்கும் பொது அறையில் இருந்த ஆறு மேசைகளையும் இவர்களே பிடித்துக்கொள்வார்கள். போகும்போது தரையில் மெழுகுச் சுரண்டல் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அதட்டல் கேட்டுத் திடுக்கிட்டு, எழுபத்தெட்டு வயதான பழைய தபால்காரர் ஒருவர் பனிக்குள் குப்புற விழுந்தார். ஆஸ்லாக் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு விநாடி நஷ்டம். அன்றைக்கே சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஆறு முதல் ஏழரை வரை தடத்தைத் தீவிரப் பயிற்சியாளர்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். பொது வசதியை மதிக்கத் தெரியாதவர்களால் விபத்து நேர்கிறது.

கூட்டம் சங்க வீட்டில் நடந்தது. சங்கத் தலைவி ஒட்னி, பாலர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நாலு வயசுக்காரர்களின் பஞ்சாயத்தைத் தீர்த்துப் பழகியவள் என்பதால் கடிதத்தை முகம் மாறாமல் வாசித்து முடித்தாள்.

"பொதுத் தடம்னா ஒரு மரியாதை வேணும்," என்றார் ஆஸ்லாக். "நாங்க பயிற்சி பண்றோம். மத்தவங்க சும்மா போறாங்க, வராங்க."

"சும்மா போயிட்டு வரத்தான் போட்டு வெச்சிருக்கேன்," என்று மூலையிலிருந்து குரல் வந்தது. அது குன்வோர். எழுபத்தொரு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பத்தொன்பது குளிர்காலமாகச் சம்பளமில்லாமல், பனியை அமுக்கி இரட்டைக் கோடாகப் பள்ளம் வகுக்கும் பனி வண்டியை ஓட்டித் தடம் போடுகிறவள்.

"உங்களைக் குறை சொல்லல குன்வோர். ஆனா தரம்னு ஒண்ணு இருக்கில்ல. போன வாரம் மூணாவது மேட்டுல தடம் கோணலா இருந்துச்சு."

குன்வோர் பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடியில் வைத்தாள். பையைத் துழாவி வண்டிச் சாவியை எடுத்து மேசைமேல் தள்ளினாள்.

"அப்படின்னா செவ்வாய்க்கிழமை உன்னோடது டாக்டரே. நீயே போட்டுக்க. நேரா போட்டுக்க."

"ஆறு மணி வரைக்கும் எல்லாருக்கும் பொது," என்றாள் ஒட்னி. "அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு. சம்மதமா?"

பக்கத்தில் இருந்த யோஸ்டைன் ஆஸ்லாக்கின் விலாவில் இடித்தார். வீட்டு மனை விற்கும் தரகர். பயிற்சியில் எப்போதும் இரண்டாவதாக வருகிறவர். "எடுத்துக்கய்யா. புல்லு வெட்டற மெஷின் மாதிரிதான் இருக்கும்."

ஆஸ்லாக் எடுத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் மத்தியானம் குன்வோர் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். "வளைவுல அவசரப்படாதே. வலி எடுத்த பொம்பளைய பஸ்ல வெச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டு. போட்டு முடிச்சதும் ரெண்டு மணி நேரம் பனி இறுகணும். அதுக்குள்ள எவனாவது ஏறினா போச்சு."

"ஏறாம எப்படித் தடுக்கறது?"

"எனக்குத் தெரியல. பத்தொம்பது வருஷமா பாக்கறேன். முக்காவாசி உன் ஆளுங்கதான் ஏறுவாங்க."

அவள் இறங்கிப் போய்விட்டாள். முதல் சுற்றில் தடம் குடிகாரன் வீடு திரும்பிய வழிபோல வந்தது. இரண்டாவதில் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவதில் வளைவு முடிந்து திரும்பிப் பார்த்தார். மங்கும் வெளிச்சத்தில் இரட்டைக் கோடு, அளந்து வகிடெடுத்ததுபோல், மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, கையுறையைக் கழற்றி, விளிம்பை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். தலைச்சன் குழந்தை பிறந்தபோது டாக்டர் அதை இப்படித் தொட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் பக்கத்து அறையில் பந்தய நேரலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலேகால் மணிக்கு யோஸ்டைனும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். கால்களை அகட்டி அகட்டித் தள்ளும் ஸ்கேட்டிங் பாணியில், புதுத் தடத்தின் நட்டநடுவே.

"நில்லுங்க. இன்னும் இறுகல," என்று ஆஸ்லாக் குறுக்கே ஓடினார்.

"தடம்," என்றார்கள் ஐந்து பேரும். அவர் ஒதுங்கினார். பழக்க தோஷம், யார் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு உடம்பு தானாக ஒதுங்கிவிடுகிறது.

"ரெண்டே ரவுண்டு டாக்டர், உடம்பைச் சூடாக்கிக்கறோம்," என்று யோஸ்டைன் தோளுக்குமேல் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் கிடந்தது உழுத வயல்.

இந்த அடியோடு டாக்டருக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதான் ஊர் நினைத்தது. வரத்தான் வந்தது. தடத்தை எப்படி மதிக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர் பரிபூரணமாகக் கற்றுக்கொண்டார். மனிதர்களைப் பற்றி எதுவும் கற்கவில்லை.

மறு செவ்வாய் தடத்தின் வாசலில் பலகை நின்றது. பதினாலு விதிகள். தடத்தில் உட்காரக் கூடாது. ஆரஞ்சு உரிக்கக் கூடாது. சறுக்குக் கோலைத் தடத்தின் விளிம்பிலிருந்து ஒரு சாணுக்குள் ஊன்றக் கூடாது. பேசிக்கொண்டு போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பேச வேண்டும். செவ்வாய் ஒரு நாள் போதவில்லை; சாவியைத் திருப்பிக் கொடுக்காமல், காலைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆஸ்லாக் எல்லா நாளும் நாலு தரம் வண்டி ஓட்டினார். செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, கோல் நுனியையும் ஸ்கீயின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துச் சோதித்தார். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது நிமிடம் சோதனையிலேயே போனது.

"யோவ், நாங்க ஸ்கீ பண்ண வந்தோமா, உன் பனிக்குக் காவல் இருக்க வந்தோமா?" என்றார் யோஸ்டைன்.

"தடத்தை மதிக்கத் தெரியாதவன் பந்தயத்துல என்னத்தைக் கிழிக்கப் போறான்?"

"போன வருஷம் உனக்கு முன்னாடி நாப்பது இடம் கிழிச்சேன்."

அடுத்த வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள். மீதிப் பேர் புதன்கிழமை, சிறுவர் பயிற்சி நேரத்தில், குழந்தைகளுக்கு வழிவிட்டு ஓரமாகச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். மெழுகு அறையைக்கூடக் கூட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். குளிர் சரியாக மைனஸ் எட்டு. விரற்கடை உயரத்துக்குப் புதுப் பனி. அப்படி ஒரு நாள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். காலை ஏழு மணிக்குள் தடம் போட்டு முடித்த ஆஸ்லாக், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இரண்டரை மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டரைக்குக் கடைவாய்ப் பல் வலியோடு வரச்சொன்ன ஆள் கிளினிக்கில் காத்திருந்தார்.

ஒன்பதரைக்கு ஒட்னி வந்தாள். பின்னால் மஞ்சள் சட்டை போட்ட இருபத்திரண்டு குழந்தைகள், குட்டிக் குட்டி ஸ்கீயில்.

ஆஸ்லாக் கைகளை விரித்துக் குறுக்கே நின்றார். "இன்னைக்கு வேண்டாம் ஒட்னி."

"ஏன்?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அதுக்குத்தான் வந்தோம்."

"ஆறு மணிக்கு எங்க பயிற்சி இருக்கு."

"இப்ப மணி ஒம்பதரை ஆஸ்லாக்."

முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி அவரை அண்ணாந்து பார்த்தாள். "டீச்சர், இந்த மாமா அழறாரா?"

"இல்லடா கண்ணு. குளிர் காத்து."

குழந்தைகளுக்குப் பேச்சுவார்த்தையில் பொறுமை கிடையாது. நாலைந்து பேர் விரித்த கைக்கு அடியில் புகுந்து போய்விட்டார்கள். அதில் ஒரு வாண்டு பத்தடி போனதும் தொப்பென்று தடத்தின்மேலேயே உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, பனியை அள்ளி ருசி பார்த்தது.

"எந்திரி. எந்திரி அதுலேர்ந்து," என்று ஆஸ்லாக் அலறினார். குழந்தை பனி வாயோடு வீறிட்டது. அதைப் பார்த்து மற்றவையும் தொடங்கின.

ஒட்னி அவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள். "சாவி."

"அது பெரியவங்க பிரிவுக்குக் குடுத்தது."

"பெரியவங்களுக்குத்தான் குடுத்தோம். இங்க அப்படி யாரையும் காணோம். குடு."

டாக்டர் அப்போது செய்ததை ஸ்னோருட்டில் இன்றைக்கும் நம்பாதவர்கள் உண்டு. அவர் ஓடிப்போய்ப் பனி வண்டியில் ஏறி உள்ளே பூட்டிக்கொண்டார். கண்ணாடி வழியாக இருபத்திரண்டு குழந்தைகளும் தன் தடத்தின்மேல் ஏறுவதைப் பார்த்தார். மேட்டில் கால்களை அகட்டி வாத்துபோல் ஏறினார்கள், இறக்கத்தில் பிட்டத்தால் இறங்கினார்கள். ஏழாவது குழந்தைக்குமேல் பார்க்கச் சக்தியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். கிளினிக்கிலிருந்து கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். குன்வோர்.

"கதவைத் திற டாக்டரே. சும்மா ஹீட்டர் ஓடினா டீசல் தீந்துடும்."

அவர் திறந்தார். "என்ன பண்ணி வெச்சிருக்காங்க பாத்தீங்களா?"

குன்வோர் தடத்தைப் பார்த்தாள். "சறுக்கியிருக்காங்க."

"நீங்க எப்படித் தாங்கிக்கறீங்க?"

"போட்டு முடிச்சதும் வீட்டுக்குப் போயிடுவேன். நின்னு பாத்தாத்தான வயிறு எரியும். தள்ளி உக்காரு."

அவர் தள்ளி உட்கார்ந்தார். கேட்காமலே சாவியிலிருந்து கையை எடுத்தார். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, "பல்லுவலிக்காரன் செத்துக்கித்து வெக்கப் போறான், ஓடு," என்றாள் அவள்.

மார்ச் பந்தயத்தில் ஆஸ்லாக் இரண்டாயிரத்து முப்பத்தொன்றாவது. வண்டி ஓட்டிய வாரங்களில் ஸ்கீயில் ஏற நேரம் எங்கே இருந்தது? யோஸ்டைன் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. அந்த எண்ணைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்.

ஏப்ரலில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வருடத்தின் சிறந்த தொண்டருக்கு ஒரு மரப் பட்டயம் கொடுப்பது வழக்கம். சங்க விதிப்படி, தொண்டுப் பதிவேட்டில் அதிக மணி நேரம் எழுதியிருப்பவருக்கு அது போகும். ஒட்னி பதிவேட்டைத் திறந்தாள். ஒரு பக்கத்தைப் படித்தாள், திரும்பப் படித்தாள். ஆஸ்லாக் பிரென்னா, ஐந்து வாரத்தில் தொண்ணூற்றாறு மணி நேரம். நிமிடக் கணக்கோடு, சிவப்பு மையில். பத்தொன்பது குளிர்காலத்தில் குன்வோர் அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"விதியை மாத்தலாமா?" என்று யோஸ்டைன் கிசுகிசுத்தார்.

"அடுத்த வருஷம்," என்றாள் ஒட்னி பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்ப கை தட்டு."

தட்டினார்கள். ஆஸ்லாக் பட்டயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பதினாலு நிமிடம் பேசினார். பொது வசதி என்பது எல்லோருக்கும் சொந்தம் என்றார். பகிர்ந்துகொள்ளத் தெரியாத ஊர் உருப்படாது என்றார். குழந்தைகளின் சிரிப்பே தடத்துக்கு அழகு என்ற இடத்தில் அவருக்கே குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, அந்த நிமிடம் அவர் அதை நிஜமாகவே நம்பினார். பழைய தபால்காரர் இரண்டாவது வரிசையில் அயர்ந்து தூங்கினார்.

குன்வோர் எட்டாவது நிமிடத்திலேயே எழுந்து பின்பக்கம் போயிருந்தாள். மேசையில் பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் கடைசியாக மூன்று இருந்தது. இரண்டைத் தின்றாள். மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி கை தட்டும் சத்தம் கேட்டதும், நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினாள்.