பதினான்கு இடங்கள்

தண்ணீருக்கு அடியில் டாக்டர் தியாகுவுக்கு இரண்டே சைகைகள். விரலைச் சுழற்றினால் 'தேடு'. புறங்கையால் ஈ ஓட்டுவதுபோல ஆட்டினால் 'கையை எடு'. அரபு நாட்டுக் கடற்கரை ஊரான கோர்ஃபக்கானில் பாறை ஓரமாக முன்னால் நீந்திப் போகும் அம்மையப்பன், கம்பியின் நுனியால் ஒரு பவளக் கிளையைக் காட்டுவான். அங்கே விரல் நீளத்தில் ஒரு கடல்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். கிளைக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே இராது. டாக்டர் கேமராப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்ப்பார். தெரியாது. இன்னொரு முறை காட்டுவான். தெரிந்துவிட்டால் உடனே புறங்கை ஆடும், அம்மையப்பன் கம்பியோடு விலகிப்போய்விடுவான். ஆறு வருஷத்தில் டாக்டரின் படங்கள் நான்கு போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கின்றன. ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் அம்மையப்பனின் கட்டைவிரல் நகம் விழுந்துவிட்டது. அதைக் கம்ப்யூட்டரில் துடைக்க ஒரு மணி நேரம் ஆனதாக டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவனும் கூடச் சிரித்தான்.

அவன் மண்டபம் பக்கத்து ஆள். பதினாறு வயதிலிருந்து சங்கு குளித்தவன். மணலில் சங்கு ஊர்ந்துபோன மயிரிழைக் கோட்டை வைத்து அது எங்கே புதைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். இங்கே டைவிங் சென்டரில் சேர்ந்து ஒன்பது வருஷம். விசாவில் ஹெல்பர், அதாவது சிலிண்டர் நிரப்புவது, படகு கழுவுவது, ஈர உடைகளைக் காயப்போடுவது. சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள முவைலாவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வரும் டாக்டர்தான் அவனை முதலில் தண்ணீருக்குள் தேட அழைத்துப் போனவர். பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிற மனிதருக்குக் கடலில் மூக்குக்கு நேரே இருப்பதுகூடத் தெரிவதில்லை என்பதை அம்மையப்பன் முதல் நாளே கண்டுகொண்டான். வெளியே சொன்னதில்லை. டாக்டருக்கு ஒரே ஒரு ஏக்கம் மிச்சமிருந்தது. கடல்குதிரையில் ஆண்தான் வயிற்றில் குஞ்சு சுமக்கும். அப்படி நிறைவயிற்றோடு இருக்கும் ஆணை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஆறு வருஷமாக அது மட்டும் அகப்படவில்லை.

போன நவம்பரில், படகில் தலையைத் துவட்டிக்கொண்டே டாக்டர் சொன்னார்.

"அப்பு, ஏப்ரல்ல பொனேர் போறேன். கரீபியன் தீவு. நீயும் வர்ற."

"நானா டாக்டர்?"

"பின்ன? கடலுக்குள்ள என் கண்ணே நீதானடா. டிக்கெட், ரூம் எல்லாம் என் பொறுப்பு. பத்து நாள், பதினாலு டைவ். எங்கெங்க எறங்கணும்னு நீ பாத்து முடிவு பண்ணு."

மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை. பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த லீவை ஏப்ரலுக்கு மாற்றிக்கொண்டான். முதலாளி மக்தூம் நல்ல மனிதர், விசாவுக்கான கடிதத்தை ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊரில் மனைவி ராக்கம்மா, தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் தாமரை அட்லஸில் தீவைத் தேடி, ஒரு புள்ளிதான் இருக்கிறது என்று வருத்தப்பட்டாள்.

இடம் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தண்ணீருக்குள் லென்ஸ் மாற்ற முடியாது. கப்பல், மீன் கூட்டம் என்று பெரிதாக எடுக்கும் லென்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினால், கண்ணெதிரே நகத்தளவு இறால் ஒன்று வந்து ஆடினாலும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே எந்த இடத்தில் என்ன கிடைக்கும் என்று கரையிலேயே தெரிந்திருக்க வேண்டும். பொனேரில் இறங்கும் இடங்கள் எண்பதுக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்குப் படகுகூட வேண்டாம். சாலையோரத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். அம்மையப்பன் ரூம் கட்டிலில் படுத்துக்கொண்டு யார் யாரோ போட்ட வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான். அவர்கள் காட்டியதைப் பார்க்கவில்லை, காட்டாமல் கடந்துபோன மூலைகளைப் பார்த்தான். ஒரு பெண் ஆமையைத் துரத்திப் போகிற வீடியோவில், அவள் முழங்கைக்குக் கீழே மஞ்சள் கடற்பஞ்சின் மேல் ஒரு தவளை மீன் உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அம்மையப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். வேறு மூன்று வீடியோக்களிலும் அதே பஞ்சைத் தேடிப் பிடித்து, அங்கிருந்த பாலத்தின் எத்தனையாவது தூணிலிருந்து எத்தனை கை தூரம் என்று கணக்குப் பண்ணினான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறைந்தது. உப்பு ஏற்றும் பாலம்: காலை ஒன்பதுக்குள், தூண்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழும்போது, பெரிய லென்ஸ். கப்பல் நின்றால் இறங்க விடமாட்டார்கள், மறுநாள் போகவும். மூழ்கிய கப்பல்: ஆழம் அதிகம், அன்றைய முதல் டைவாக வைத்துக்கொள்ளவும். இப்படிப் பதினான்கு இடங்கள். எளிதான மூன்று இடங்களுக்கு நேரே, உள்ளது உள்ளபடி, 'இங்கே கூட ஆள் தேவை இல்லை' என்றும் எழுதினான்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டீகன்னா அப்பறம் உங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போவாக?" என்றாள் ராக்கம்மா, போனில்.

"அவுக அப்பிடிப்பட்ட ஆளு இல்ல."

"ரெண்ட ஒளிச்சு வைங்க. நேர்ல போய்க் காட்டுங்க."

"அரகொறயா எழுத நமக்கு வராது புள்ள."

வேலை தெரிந்தவனுக்கு இந்தக் கிறுக்கு உண்டு. தனக்குத் தெரிந்தது முழுக்க ஒருவருக்காவது தெரிந்துவிட வேண்டும். பிப்ரவரியில் நோட்டைக் கொடுத்தான். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "நீ மனுஷனே இல்லடா" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலை நினைத்து நினைத்து ஒரு மாதம் ஓடியது.

மார்ச் கடைசியில் போன் வந்தது.

"அப்பு, சின்ன சேஞ்ச். விசாவுக்கு உங்க மொதலாளி லெட்டர், அது இதுன்னு இழுக்குது."

"லெட்டர் ஜனவரியிலயே குடுத்துட்டாகளே டாக்டர். பெட்டியிலதான் வச்சிருக்கேன்."

யாரும் அதைக் கேட்கவே இல்லை என்பது அந்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது.

"அது ஒரு பக்கம்டா. நீ போட்ட லிஸ்ட்டு இருக்கே, நீயே கூட இருக்கற மாதிரி இருக்கு. ஆள் தேவையில்லன்னு நீயே எழுதியிருக்கியே! என் ஃப்ரெண்ட் ஜெயசீலன் வர்றான், ரூம் ஷேர் பண்ணிக்கலாம். நீ ஒண்ணும் நெனச்சுக்காத, என்ன?"

வாயில் எத்தனையோ வந்தது. வெளியே வந்தது, "பத்தரமாப் போய்ட்டு வாங்க டாக்டர்." அதற்காகத்தான் அவன் தன்னையே பிறகு வெகுநாள் திட்டிக்கொண்டான். ஏமாற்றினவர் மேல் வந்த கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது.

சரி, அந்த லீவில் ஊருக்காவது போகலாம் என்று பார்த்தால் ராக்கம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"இப்ப இங்க வந்து நிக்காதீக. தெருவுல எம் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்? தாமர பள்ளிக்கொடம் பூரா சொல்லி வச்சிருக்கா."

அம்மையப்பன் மக்தூமிடம் போய் "லீவு வேண்டாம், டூட்டியே பாக்குறேன்" என்று ஹிந்தியில் சொன்னான். அவர் காரணம் கேட்கவில்லை. ஏப்ரலில் பத்து நாளும் பகலில் சிலிண்டர் நிரப்பினான், சாயங்காலம் மகள் போன் செய்தபோதெல்லாம் பொனேரில் இருப்பவன்போல நோட்டில் எழுதிய வரிசைப்படியே சொன்னான்.

"இன்னைக்கு எங்கப்பா எறங்குனீக?"

"உப்புப் பாலம்டா கண்ணு. தூணு தூணா வெயிலு எறங்குச்சு பாரு…"

"மஞ்சக் கல்லு பாத்தீகளா?"

"பாத்தேன்."

பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தைக் கேட்டு, கப்பல் சத்தமா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை டாக்டர் வந்தார். வெயிலில் கறுத்திருந்தார். மஞ்சள் கல் வடிவத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை அவன் கையில் வைத்தார். ஆறு பேர் படுக்கும் ரூமில் ஃபிரிட்ஜ் அவனுடையது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? படகு போகும்போது போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மஞ்சள் பஞ்சு, அதன் மேல் தவளை மீன்.

"நீ சொன்ன அதே பஞ்சுடா! ஒரு அடி மாறல. ஜெயசீலன் அசந்துட்டான். யாரு லிஸ்ட் போட்டதுன்னு கேட்டான்."

அம்மையப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"நெட்ல தேடி எடுத்தேன்னுட்டேன். அவனுக்கு உன்னைப் பத்தி வெளக்கிச் சொல்லி மாளாது" என்று சிரித்தபடி அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

அவருக்கு அதில் தப்பாக எதுவும் சொன்ன நினைப்பே இல்லை. அதுதான் அம்மையப்பனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வேண்டுமென்று செய்திருந்தாலாவது ஒரு மனிதனாகக் கணக்கில் வைத்துச் செய்தார் என்று இருந்திருக்கும்.

இறங்கினார்கள். எட்டு மீட்டர் ஆழத்தில், பாறை மடிப்பில், மஞ்சள் பவளக் கிளையைப் பிடித்துக்கொண்டு அது நின்றது. ஆண். வயிற்றுப் பை புடைத்து, தோல் மினுங்க, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. பின்னால் டாக்டரின் மூச்சுக் குமிழிகள் கேட்டன. அம்மையப்பனின் கம்பி தானாக உயர்ந்தது. அவன் அதைக் கீழே இறக்கினான். இரண்டு கை தூரம் நீந்திப்போய், எல்லாப் பாறையிலும் கிடக்கிற ஒரு கறுப்புக் கடல் முள்ளெலியைக் காட்டினான். டாக்டர் நம்பினார். அவன் காட்டினால் ஏதாவது இருக்கும் என்று முள்ளெலியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்.

கேமராவைத் திருப்புவதற்காக அவர் உடம்பைச் சரித்தபோது அவருடைய துடுப்புக்கால் பின்பக்கம் இறங்கியது. நேராக அந்தக் கிளையின் மேல். அம்மையப்பன் யோசிக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டுப் பாய்ந்து கையைக் குவித்து மூடினான். துடுப்பு அவன் புறங்கையில் அடித்துக் கிளை முறிந்தது. கடல்குதிரை அவன் உள்ளங்கைக்குள் இருந்தது.

டாக்டர் திரும்பினார். விளக்கு வெளிச்சம் மூடிய கையின் மேல் வந்து நின்றது. கைக்குள் என்னவோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணாடிக்குள் கண்கள் விரிந்தன. கேமராவை நேராக வைத்துக்கொண்டு புறங்கையை ஆட்டினார். கையை எடு.

உள்ளே மெல்லிய வால் ஒன்று கிளையைத் தேடித் துழாவி, கிடைக்காமல், அம்மையப்பனின் சுண்டுவிரலை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டது.

டாக்டர் மறுபடியும் புறங்கையை ஆட்டினார், இந்த முறை வேகமாக. வெளிச்சம் அந்தக் கையைவிட்டு நகரவில்லை. அம்மையப்பன் இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன் மேல் மூடினான்.