தட்டு மாற்றும் நாளுக்கு ஒரு வாக்கியம்

என் மனைவி முனியாயி குசினியில் கெம்போங் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் ஹங்கேரி மொழிப் பாடநூலை மேசையில் விரித்து, பதினோராவது வாரமாக ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகள் ராகினி, மருத்துவம் படிக்கப் போன நாட்டிலேயே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள். அந்த வருத்தத்தை விழுங்கிவிட்டேன். ஆனால் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது, பெண்ணைப் பெற்றவன் தன் வாயால், சம்பந்திக்குப் புரியும்படி "கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் என் அப்பா அப்படித்தான் என் தங்கையைக் கொடுத்தார். வரப்போகும் சம்பந்தி யானோஷுக்கோ ஹங்கேரி மொழி தவிர வேறெதுவும் தெரியாது.

"போன்ல சொன்னா அதுவே மாத்திப் பேசும்லா, மச்சான்," என்றான் மைத்துனன் பரமேஸ்வரன்.

"பொண்ணக் கொடுக்கிறது நானா, போனா?"

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வாக்கியம் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த மலாயிலும் ஆங்கிலத்திலும் சொற்களை வரிசையாக அடுக்கினால் போதும். இதிலோ பெயர்ச்சொல்லுக்கு வால் முளைக்கிறது. 'மகள்' என்றால் லாஞ். வாக்கியத்துக்குள் வந்ததும் லாஞொமொத். 'மகன்' ஃபியு, அதுவே ஃபியானொக். மனப்பாடம் செய்தேன், மறுநாளே நழுவியது.

"என்னங்க, பூனைய வெரட்டுங்க! மீன்ல வாய வைக்குது. அதுக்கு ஒரு தலைய எடுத்து வெளிய போடுங்க."

பூனையை. மீனில். அதுக்கு. தலையை.

நான் எழுந்தேவிட்டேன். தோட்டப் பள்ளியில் பிரம்புக்குப் பயந்து ஒப்பித்த வேற்றுமை உருபுகள்! "நாமளும் வால் ஒட்டித்தாண்டி பேசுறோம்! ஒத் நம்ம 'ஐ'. நொக் நம்ம 'கு'. அதே வாக்கியம், அதே வரிசை!"

"காலைல மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்றாள் முனியாயி. பூனை ஒரு மீனோடு ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். பாச்சாங் சந்தை வரை கண்ணில் பட்டதற்கெல்லாம் வால் ஒட்டிக்கொண்டே நடந்தேன். வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து. அறுபத்தேழு வயதில் நெஞ்சு இப்படித் துள்ளும் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. யானோஷ் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி எழுந்து நின்றார். பரமேஸ்வரன் போனைத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தான். நான் முதுகை நிமிர்த்தி, தட்டை ஏந்தி, அவர் முகம் பார்த்துச் சொன்னேன்.

"லாஞொமொத் ஒ ஃபியானொக் ஒதொம்."

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுக்கிறேன். ஒரு வாலும் பிசகவில்லை. யானோஷ் வேட்டியை விட்டுவிட்டு இரு கைகளாலும் தட்டைப் பற்றினார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. யாரோ கைதட்டினார்கள். பரமேஸ்வரன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

பதினோரு வாரமும் வால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் கடைசிச் சொல் சுலபமானது. அதை நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

"மச்சான், தட்ட விடுங்க," என்று பரமேஸ்வரன் காதருகே சொன்னான்.

யானோஷ் மெல்ல இழுத்தார். வெற்றிலை மேலிருந்த தேங்காய் அவர் பக்கம் பாதி உருண்டு, என் பக்கம் திரும்பி வந்தது.