மூன்றாம் சரணம்

எங்கள் கோவிலில் எந்தப் பாட்டையும் முழுதாகப் பாடுகிற வழக்கம் கிடையாது. ஒன்று, இரண்டு, உடனே நான்கு. மூன்றாம் சரணத்தைத் தாண்டிவிடுவோம். மலைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மாடு கறக்க வேண்டுமே! என் வீட்டுக்காரர் லேவிக்கு மட்டும் அது ஆகாது. ஆர்கன் ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும், தன் இடிக்குரலில் அந்த மூன்றாவதைத் தனியாகப் பாடி முடித்துவிட்டுத்தான் உட்காருவார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வேன்.

"கடுதாசி எழுதினா நடுப்பக்கத்தைக் கிழிச்சிட்டா அனுப்புவே?" என்பார்.

"கர்த்தருக்குத் தெரியாததையா நீங்க மூணாவதுல சொல்லப்போறீங்க?" என்பேன்.

அக்டோபரில், மேய்ச்சலில் இருந்து மந்தையை இறக்கிய மறுநாள், விட்டுப்போன ஓர் ஆட்டைத் தேடி லேவி மேலே போனார். மதியம் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஆடு தானாக வீடு வந்து சேர்ந்தது. மனுஷன் வரவில்லை. அந்த ஆட்டை உதைக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஊரே மேய்ச்சல் விளிம்புக்கு ஏறி வந்து கத்தியது. பதில் இல்லை.

"இதுக்கு மேல கால் வச்சா நாமளும் பள்ளத்துக்குள்ளதான் அக்கா," என்றான் பக்கத்து வீட்டு எமனுவேலே, தோளில் கயிற்றோடு. "எந்தப் பக்கம்னு மட்டும் தெரிஞ்சா கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கிடுவேன். ஆனா இந்தக் குளிர்ல அவர் தூங்கிட்டாருன்னா..."

எனக்குக் கடவுள்மேல் பொல்லாத கோபம் வந்தது. கண் இருக்கிறதா உமக்கு என்று மனதுக்குள் கேட்டேன்.

"கத்தினா தொண்டைதான் கட்டும். பாட்டுன்னா தூரம் போகும்," என்றார் மிரெல்லா, டூரின் நகரத்தில் இருந்து எங்கள் கோவிலுக்கு வந்திருந்த இளம்வயதுப் போதகர்.

லேவிக்குப் பிடித்த பாட்டையே எடுத்தோம். அவர் இல்லாமல் கீழ்க்குரல் சோனியாக இருந்தது. இரண்டு சரணம் முடிந்தது. அவருக்கு மரியாதையாக மிரெல்லா மூன்றாவதை ஆரம்பிக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் போதகரம்மா. நாலாவதுக்குப் போங்க."

"இன்னிக்காவது முழுசாப் பாடுவோமே அக்கா!"

"இன்னிக்குத்தான் கூடாது. அந்த மனுஷன் உயிர் போனாலும் இதைப் பொறுத்துக்க மாட்டார். தாண்டுங்க!"

தாண்டினோம். பாடி முடித்துக் காத்திருந்தோம். ஒன்றுமில்லை. மறுபடி பாடினோம், மறுபடி தாண்டினோம். வெள்ளைச் சுவர்போல மூட்டம் அப்படியே நின்றது. மூன்றாம் முறை முடித்தபோது, இடப்பக்கத்துப் பள்ளத்தில் இருந்து, கரகரத்து, சுருதி விலகி, எரிச்சலோடு ஒரு குரல் ஏறி வந்தது.

"காணாவிட்டாலும் கலங்காதே,
கரம் பற்றி நிற்பவர் நானே..."

"பாறைக்குக் கீழே! யாரும் குறுக்கே பேசாதீங்க, அவர் பாடட்டும்!" என்று கத்திக்கொண்டே எமனுவேலே இடுப்பில் கயிற்றைச் சுற்றினான். பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ விம்மினார்கள். நான் இரண்டையும் செய்தேன்.

கோவிலில் தலையைக் குனிந்திருந்ததில் அந்த வரியை நான் காதில் வாங்கியதே இல்லை. இப்போது மூட்டத்துக்குள் இருந்து வந்தது. ஆள் தெரியவில்லை, ஆனால் இருக்கிறார். அவர் மட்டுமா? கண் இருக்கிறதா என்று நான் கேட்டவரும் இத்தனை நேரமும் இங்கேயேதான் நின்றிருக்கிறார். வெட்கமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

கணுக்கால் முறிந்த மனுஷனைப் போர்வையில் தூக்கி வந்தார்கள். வாயில் சூடான திராட்சை மதுவை ஊற்றியதும் முதலில் வந்தது வசவுதான்.

"அறிவிருக்கா உங்களுக்கு? சுகமாக் கண்ணு சொக்கிக்கிட்டு வருது. தூங்க விடாம ஒரு தடவைக்கு மூணு தடவை தாண்டுறீங்களே!"

"நான்தான் தாண்டச் சொன்னேன்."

என்னையே பார்த்தார். பிறகு கால் வலியில் முனகிக்கொண்டே சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மிரெல்லா எல்லாச் சரணங்களையும் அறிவித்தார். மாடுகள் காத்திருக்கட்டும் என்று ஊரே பாடியது. மூன்றாவது வந்தபோது லேவி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன, பாடலையா?" என்று கிசுகிசுத்தேன்.

"நீ பாடு. அன்னிக்கு நான் பாடி நீ கேட்டே. இன்னிக்கு நான் கேக்கறேன்."

தலையை நிமிர்த்திக்கொண்டு பாடினேன்.