சமையக்காரன் வேஷம்

கன்னத்துல அறை வாங்குற சீன்ல நான் சொல்ல வேண்டியதச் சொல்லல. அவ்ளோதான் நடந்துச்சு. ஆனா இப்ப வீடே தூங்குது, எனக்கு மட்டும் தூக்கம் வரல.

எங்க வீட்டுல ஒரு வழக்கம். சொந்தக்காரங்க கூடினா ஒரு பழைய குடும்பக் காமெடிப் படத்தப் போட்டு, டிவி சத்தத்த நிறுத்திட்டு, ஆளுக்கொரு வேஷத்துக்கு நாங்களே பேசுவோம். வசனம் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். மிரட்டுற பெரியவருக்கு எங்கப்பா. ஹீரோவுக்கு மாமா. அம்மாவும் சித்தியும் நாத்தனார் சண்டை போடுவாங்க. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே சமையக்காரன். இடுப்ப ஒடிச்சு நடந்து, கைய மடக்கி மடக்கிப் பேசி, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அடி வாங்குவான். அந்தப் படத்துல திக்கிப் பேசுற கணக்குப்பிள்ளை, கறுப்பா ஒரு வேலைக்காரம்மான்னு சிரிக்கறதுக்குன்னே சில பேர் உண்டு. அவங்களுக்கு வீடு வாசல் கிடையாது, கல்யாணம் கிடையாது, கடைசி குரூப் போட்டோவுல கூட இடம் கிடையாது.

நான் பேசினா சித்தி கண்ணுல தண்ணி வரச் சிரிப்பாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இந்த வருஷந்தான் உறைச்சுது. நான் நடிக்கறது அந்த வேஷத்துல இல்ல, மத்த நேரம் பூரா. ஸ்கூல்ல, பஸ்ல, அப்பா முன்னாடி நடக்கும்போது, குரல இறக்கி, கைய பாக்கெட்டுக்குள்ள திணிச்சுக்கிட்டு.

இன்னிக்கு நான் ஆரம்பிச்சதுமே சித்தி, "ஐயோ, அச்சு அசல்!"னு தொடையில தட்டினாங்க. மாமா அப்பாவப் பாத்துக் கண்ணடிச்சாரு.

"எதுக்கும் பாத்துக்கங்க மாப்ள. பய நடிக்கிற மாதிரியே தெரியலியே!"

எல்லாரும் சிரிச்சாங்க. மடக்கியிருந்த கைய நான் சட்டுனு இறக்கிக்கிட்டேன். அந்த நேரம் பாத்துத்தான் அறை சீன் வந்துச்சு. பெரியவர் ஓங்கி ஒரு அறை விடுவாரு. சமையக்காரன் தட்டோட சாஞ்சு, "அடிங்க சாமி, உங்க கை நோகாம அடிங்க"ன்னு குழையணும். அப்பா அவர் வசனத்தச் சரியா முடிச்சாரு. "நீயெல்லாம் ஆம்பளையாடா?"

எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. டிவியில அவன் வாய் மட்டும் அசையுது. கேலி, கூத்து எதுவும் கேக்காம பாத்தா, அவன் கண்ணு நெசமாவே பயந்துபோன கண்ணு.

"டேய், தூங்கிட்டியா? பேசுடா," மாமா உசுப்பினாரு.

பேசினேன். அவன் குரல்ல இல்ல.

"எதுக்குப்பா அடிக்கிறீங்க?"

புது ஜோக்குன்னு நெனச்சு மாமாவும் சித்தியும் சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல. அப்பா டிவிய அணைச்சிட்டு, "போதும், சாப்பிடலாம்"னாரு. தட்டுலேர்ந்து தலையத் தூக்கவே இல்ல. எல்லாரும் கிளம்பினப்புறம், "காலையில உன்கிட்ட பேசணும்"னாரு. திட்டுற மாதிரியும் இல்ல, கொஞ்சற மாதிரியும் இல்ல.

காலையில, "சும்மா தமாஷுக்குப்பா"ன்னு சொல்லிடலாம். நம்பிடுவாரு. நம்பத்தான் ஆசைப்படுவாரு. ஆனா ஒருதடவ சொல்லிட்டா, சாகிற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருக்கணும்.

இப்ப என் ரூமுக்கு வெளிய லைட் எரியுது. கதவுக்கு அடியில வெளிச்சம் கோடா விழுந்திருக்கு. அதுல ரெண்டு கால் நிழல். அப்பாதான், அந்த இருமல் அவரோடது. தட்டல. போகவும் இல்ல. ஒரு கால் லேசா நகருது. திரும்ப அதே இடத்துல வந்து நிக்குது.