பசிக்கிற பக்கம்

...பசியென்றால் வயிற்றோடு நிற்குமே, இது கண்ணுக்கல்லவா ஏறிவிட்டது என்று குருவம்மாளுக்குத் தோன்றியது, சிவப்புப் பேனா அதே வரியில் மூன்றாம் முறையாக நின்றது. நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கான புத்தகம், சாயங்காலம் அச்சுக்குப் போகணும், அதற்குள் பிழை பார்த்து முடிக்கணும், அந்த வரி என்னடாவென்றால், வெறும் வயிற்றில் கிரெலின் என்று ஒன்று சுரந்து ரத்தத்தோடு மூளைக்குப் போகும், அங்கே டோபமின் நரம்பணுக்களை உசுப்பிவிடும், அப்புறம் கண்ணில் படுகிற சோற்றின் மேல் ஆசை பெருகும் என்கிறது... எலிகளை வைத்துப் பார்த்தார்களாம். எலிக்கு விரதம் உண்டா? பிள்ளை வரம் கேட்டு இருக்கன்குடி மாரிக்கு நேர்ந்துகொண்டு, வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை பச்சைத்தண்ணீரோடு கிடக்கிற எலி? இந்த வரியை டைப் அடித்த ரோஜா பக்கத்து நாற்காலியில் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள், கல்யாணமாகி ஒன்றரை வருசம்தான், அதற்குள் ஆறு மாச வயிறு. குருவம்மாளுக்குப் பத்து வருசம். அந்த வயிற்றுக்காக நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காருகிற தோரணை, ஒரு கை எப்போதும் அதன்மேலேயே... காலையிலிருந்து ரோஜா டைப்பில் விட்ட புள்ளிகளை வேண்டியதைவிடப் பெரிசாகத்தான் குருவம்மாள் வட்டமிட்டாள், அது தனக்கே தெரிந்தும் கை நிற்கவில்லை. புளிச்சோறு, பொரித்த கூழ்வத்தல். "ரெண்டு வாய் சாப்பிடுங்கக்கா" என்றாள் ரோஜா. விரதம் என்று சொல்லாமல், பசியில்லை என்று இவள் சொல்லிவிட்டாள்.

ரெண்டு கவளம் உள்ளே போவதற்குள் ரோஜாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினாள். கூடப் போய்த் தலையைப் பிடித்திருக்கலாம்... போகவில்லை. கை தானாக டப்பாவுக்குள் போயிற்று. ஒரு வாய், இன்னொரு வாய், அம்மா தாயே மன்னிச்சிரு, இன்னொரு வாய், வத்தலைச் சத்தம் வராமல் கடித்தாள். சாப்பிட்டதும் அந்தச் சுரப்பு தணிந்துவிடும் என்று அடுத்த வரியில் இருந்தது, தணியட்டும் என்று காத்திருந்தாள், வயிறு தணிந்தது, மற்றது அப்படியே கிடந்தது, அந்த ஆறு மாசமும் ரோஜா தலையில் வைத்திருந்த மல்லிகைப்பூவும் முன்னைவிடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி. அப்போது மேசையில் ரோஜாவின் செல்போன் அதிர்ந்தது, அவள் வீட்டுக்காரன் காளீஸ்வரன். புளி ஒட்டாத இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள், ரோஜா வெளியே போயிருக்கா என்று சொல்லத்தான்.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற இரைச்சலுக்கு நடுவே, அவசரமான குரல். ரோஜா என்று நினைத்துத்தான் கேட்கிறான்.

"சாப்பிட்டேன்."

"வயிறு நெறையவா?"

"ம்."

வைத்துவிட்டான். இவள் வீட்டுக்காரன் சோலைமலையும் கெட்டவனில்லை, ஒருநாள் கைநீட்டியதில்லை, குடியில்லை, ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட வந்தான், ஆனால் இப்படி நடுமத்தியானத்தில், வேலைக்கு நடுவில், ஒரு தடவையாவது... கேட்டிருக்கிறானா? அவன் கேட்கணும் என்று இவளாவது நினைத்ததுண்டா? குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பத்து வருசமாய் மாரியிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது பிள்ளையைத்தானா என்று ஒரு நினைப்பு ஓடியது, போனைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.