ஆறு தெரியவேணும்

நிமலினி இறந்துபோன அப்பாவின் விறைத்த காலைச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது வளவின் பின்பக்கத்தில் ஜேசிபி உறுமியது. மற்றச் சப்பாத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அவளின் அப்பா ஏர்னெஸ்ட் மாஸ்ரர், மழை மாதங்களில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறும் ஆறுதான் என்று ஊருக்கு நிரூபிக்கவே பாதி ஆயுளைச் செலவழித்தவர். அதன் பழைய மதகுகளையும் பறவைகளையும் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். சனசமூக நிலையம் அதைப் பெருமையோடு வெளியிட்டு, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது. அன்றிலிருந்து அதைக் கறையான் மட்டும் ஊன்றிப் படித்து வருகிறது.

வளவை ஒட்டிய ஆற்றங்கரையில் நிலையத் தலைவர் பரமலிங்கம் ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் மெசினுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். கோரைப்புல் பாதி போய்விட்டது.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ, அண்ணை."

"பெட்டி வைக்க, கதிரை போட இடம் வேணுமெல்லே, பிள்ளை."

"அதுக்குள்ளை கானாங்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. அப்பா நேற்றும் யன்னலாலை அதைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர். ஒருத்தரையும் கைவைக்க விடாதை எண்டு எனக்குச் சொன்னவர்."

"எங்களுக்குத் தெரியாதே? பறவைகளின்ரை தகப்பன் எண்டுதான் நான் பேசவே போறன்." மெசின்காரனிடம் திரும்பினார். "இன்னும் கொஞ்சம் பின்னாலை எடும், தம்பி." பிறகு அவளிடம், "உங்கடை றொஷான்தான் கனடாவிலை இருந்து சொன்னவர். அவரைக் கேளுங்கோ" என்றார்.

அவள் அழைக்க, தம்பி றொஷான் உடனே போனை எடுத்தான்.

"லைவ்விலை பாக்கிற சனத்துக்கு ஆறு தெரியவேணும், அக்கா. அப்பான்ரை ஆறெல்லே. புல்லு மறைக்குதெண்டு கமராக்காரர் படம் எடுத்து அனுப்பினவர்."

"அதுக்கு வெட்டச் சொல்லுவியே?"

"புல்லுத்தானே. திருப்பி முளைக்கும்."

"குஞ்சு?"



"போதகர் வந்திட்டாரோ?" என்று கேட்டான் றொஷான்.

அவள் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. ஜேசிபியின் பற்களில் கோரைவேர் தொங்கியது. வேறொன்றையும் அவள் தேடிப் பார்க்கவில்லை. உள்ளே போய் அப்பாவுக்கு மற்றச் சப்பாத்தையும் மாட்டினாள்.

பின்னேரம் பெட்டியைக் கரையில் வைத்தார்கள். பின்னால் ஆறு ஒரு மறைப்புமில்லாமல், சேற்று வாய்க்கால் மாதிரித் தெரிந்தது. பரமலிங்கம் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் இலேசில் விடுகிறவர் அல்லர். "ஒரு புல்லுக்குக்கூடத் தீங்கு நினையாத மாமனிதர்" என்றார், புது மண்ணில் நின்றுகொண்டு. கனடாவிலிருந்து லைவ்வுக்குக் கீழே இருதயப் படங்கள் வந்து குவிந்தன.

கமராக்காரன் குனிந்து நிமலினியிடம் வந்தான்.

"அக்கா, பெட்டியடியிலை ஒரு கோழி வந்து வந்து போகுது. படத்துக்கு இடைஞ்சலாக் கிடக்கு. ஒருக்காக் கலைச்சு விடுங்கோவன்."

வெள்ளை நெஞ்சுக் கானாங்கோழி. கதிரைக் கால்களுக்கிடையில் நுழைந்து நுழைந்து, அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தது.

நிமலினி எழும்பினாள். வெள்ளைச் சேலைத் தலைப்பை வீசி, "சூ" என்றாள்.

சமப்படுத்திய மண்வரைக்கும் போய் அது நின்றது. பிறகு திரும்பி ஓரடி வந்தது.

அவள் இன்னொருதரம் தலைப்பை வீசினாள்.