அட்டைப்படத்தில் அப்பா இல்லை

காரைக்காலில் காதுகுத்து என்றாலும் கட்சிக் கூட்டம் என்றாலும் பிளெக்ஸ் வேண்டும். பிளெக்ஸ் என்றால் வினோதினி வேண்டும். சேக் அலாவுதீன் பாயின் அச்சுக் கடையில் கணினி முன் உட்கார்ந்து அவள் ஒட்டிவைக்காத மாமன் மச்சான் முகம் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஒரு முகம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். மஞ்சள் நீராட்டு பிளெக்ஸ் ஒன்றில் ஒரு சித்தப்பாவை விட்டுவிட்டார்கள். மனுஷன் இலை போட்ட பிறகும் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து எந்தப் படத்தைத் தொட்டாலும் அவள் முதலில் தலைகளைத்தான் எண்ணுவாள்.

இந்தப் பழக்கம்தான் வினையாகப் போயிற்று.

அவளும் தம்பி கவியரசனும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டு செய்திருந்தார்கள். பெயர் 'கரைசேர்'. திருவேட்டக்குடிக் கரையில் அலை மடிந்து விழும் இடத்தில் கவிழாமல் படகைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். நிரல் எழுதியது தம்பி; அலை, மீன், படகு எல்லாம் வரைந்தது அக்கா. இவர்களைப் போலத் தனியாக ஆட்டம் செய்கிறவர்களுக்கென்று வெளிநாட்டில் ஓர் இணையக் கடை இருந்தது. அவர்கள் இதை எடுத்து முன்வரிசையிலேயே வைத்தார்கள். ஊரெல்லாம் அவள் செய்த பிளெக்ஸ் ஆடுகிறது, ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. 'ஓவியம்: வினோதினி' என்று முதன்முதலாக வந்தது இந்த ஆட்டத்தில்தான். அதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று கேட்டால் வெட்கப்படுவாள்.

அப்பா உத்திராபதிக்கும் பூரிப்பு தாங்கவில்லை. அவருக்கு ஆட்டம் முக்கியமில்லை, அட்டைப்படம்தான். கடையில் ஆட்டத்தை அடையாளம் காட்டும் அந்தச் சின்னச் சதுரத்தில், நடு உச்சியில், ஒளிவட்டத்தோடு அவர் முகம் இருந்தது. கீழே வட்ட வட்டமாக, அவரோடு கடலுக்குப் போகும் அம்பலவாணன் முதலான நாலு பேர். அதற்கும் கீழே சூரியன், சுறா, தங்க எழுத்து. படகும் எங்கேயோ இருந்தது.

"நம்ம மூஞ்சி அமெரிக்காவுல ஓடுதுய்யா!" என்று மீன் ஏலம் விடுகிற இடத்தில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த இணையக் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆட்டம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பக்கத்துக்கு வருகிறவர்கள் உங்கள் படத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், யாரும் திறப்பதில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வேறு படம் தாருங்கள், இல்லையென்றால் முன்வரிசையில் வைத்திருக்க முடியாது என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

"அங்கேருந்து எறக்குனா அவ்வளவுதாங்க்கா. அப்பறம் எந்த மூலையில கெடக்குன்னு நமக்கே தெரியாது" என்றான் கவியரசன்.

வினோதினிக்குச் சுருக்கென்றது. "படத்துக்கு என்னடா கொறச்சல்? இதையே இருபதடி பிளெக்ஸா போட்டா கையெடுத்துக் கும்புடுவாங்க."

"கும்புடுவாங்க. ஆனா இது இருபதடி இல்லையே."

அவன் அந்த இணையக் கடையின் பக்கத்தை, திரையில் தெரிகிற அதே அளவில் அச்சடித்து பாய் கடை மேசையில் ஒட்டினான். தீப்பெட்டிப் படம் போல வரிசை வரிசையாகப் படங்கள். வருகிறவர்களிடமெல்லாம், இதில் எதைத் திறந்து பார்ப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் 'கரைசேர்' பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஆஸியா பீவி, இலையிலிருந்து எம்பிய ஒரு தவளையைத் தொட்டார்.

"இது எங்க போயி வுழப் போவுதுன்னு பாக்கணும்ல?"

"இது எப்பிடிங்க இருக்கு?" என்று வினோதினி தன் படத்தைக் காட்டினாள்.

ஆஸியா பீவி குனிந்து கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "ஊறுகா பாட்டில்ல ஒட்டுறதுதானே இது?"

பாய் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. வினோதினிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அவளும் எட்டிப் பார்த்தாள். அப்பா முகம் அசல் எலுமிச்சங்காய் மாதிரியே தெரிந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை வினோதினி, அம்மா அஞ்சுகத்தோடு கூடை தூக்கக் கடற்கரைக்குப் போனாள். தூரத்தில் படகுகள் நகத்தளவில் வந்துகொண்டிருந்தன. "நம்ம போட்டு வருது" என்று அம்மா கூடையை இடுப்பில் ஏற்றினாள். வினோதினி அப்படியே நின்றாள். சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த பைபர் படகுகள் எல்லாம் ஒரே வெள்ளை. யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று தெரியாமல் கரையில் பெண்கள் தவித்த தவிப்பைப் பார்த்து, தங்கள் படகின் அணியத்துக்கு, அதான் அந்த முன்மூக்குக்கு, அவளே வர்ணம் அடித்தாள். முழுக்க ஆரஞ்சு, குறுக்கே தடித்த வெள்ளைப் பட்டை ஒன்று. சிங்கம் வரை, என் பேரை எழுது என்று அப்பா அன்றைக்கும் அடம்பிடித்தார். கரையிலிருந்து அம்மாவுக்குத் தெரிந்தால் போதும் என்று ஒரே பிடியாக நின்றது அவள்தான்.

"அறிவு கெட்டவளே" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். அம்மா ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தாள்.

அன்றே வரைந்தாள். மடியப் போகும் கரும்பச்சை அலை. அதன் உச்சியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறவர் மேலேயே பாய்ந்து வரும் ஆரஞ்சு அணியம். வேறெதுவும் இல்லை. நகத்தளவுக்குச் சுருக்கினாலும் அது பாய்ந்தது.

"அப்பாவ மட்டும் ஒரு ஓரமா வச்சுரலாமேக்கா" என்றான் கவியரசன். வைத்துப் பார்த்தாள். கொசு கடித்த தடிப்பு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டாள். அப்பாவிடம் யார் சொல்வது என்பதில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஊர் முழுக்கச் சொல்லிவைத்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. வெள்ளிக்கிழமை அவரே அம்பலவாணனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க அட்டைப்படத்தில் நிறையப் பிரதி வேண்டுமாம். மேசையில் புதிய படத்தையும் சேர்த்து அடித்த தாள் ஒட்டியிருந்தது. மறைக்க நேரமில்லை. கண்ணாடிகூடப் போடாமல் வாசற்படியில் நின்றவர் அங்கிருந்தே கையை நீட்டினார்.

"அது நம்ம போட்டுல்ல?"

கிட்டே வந்தார். குனிந்தார். அவர் வலது கை தானாகப் படகு மிசினின் பிடியைத் தேடியது. "ஏறுது பாரு! வுடாத, வுடாத, இப்ப முறுக்கு!" என்று கடைக்குள்ளேயே உடம்பைச் சாய்த்தார். பிறகு நிமிர்ந்தார். "ஆமா, என் மூஞ்சி எங்க பாப்பா?"

அலாவுதீன் பாய் அவசரமாக ஒரு பழைய ரசீதைப் படிக்கத் தொடங்கினார்.

"எடுத்துட்டேன்ப்பா" என்றாள் வினோதினி. "ஒங்கள வச்சா போட்டு தெரியல. என்ன பண்றதுன்னு தெரியலப்பா."

உத்திராபதி மறுபடி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் எடுத்தேங்குற? நான் உள்ளதானே இருக்கேன்" என்றார். "அணியம் இம்புட்டு தூக்கியிருக்கறப்ப பின்னால மிசின் புடிக்கிறவன் எப்பிடித் தெரிவான்? நான் இல்லாமயா இது ஏறுது?"

"அப்ப நாங்க?" என்றான் அம்பலவாணன்.

"நீயுந்தான். வல மேல ஒக்காந்து பயத்துல கத்திக்கிட்டு இருக்க."

படம் அன்று மாலையே போயிற்று. அடுத்த வாரம், திறந்து பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், ஆட்டம் முன்வரிசையிலேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது. செய்தி கேட்டு ஊர்க்காரர்கள் பாராட்டு பிளெக்ஸ் வைக்க முடிவு செய்தார்கள். அதைச் செய்யவும் வினோதினிதானே வேண்டும்? ஒரு தலை விடாமல் எண்ணி வைத்தாள். உத்திராபதி வந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாம் சரி. ஒன் மூஞ்சி எங்க?"

"நானும் போட்டுக்குள்ளதான் இருக்கேன்ப்பா."

"அந்தக் கதையெல்லாம் அட்டைப்படத்துக்கு. இது பிளெக்ஸு" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னைக் கீழ எறக்கு. நடு உச்சியில ஒன்னப் போடு. அந்த ஒளிவட்டத்த மறந்துராத."